தானே எழுதியது: அடிமைப் பெண்களின் தன்வரலாறுகளும் அவற்றின் பழைய பிரதிகளும்

என் அலமாரியில் ஒரே புத்தகத்தின் மூன்று பிரதிகள் இருக்கின்றன. மூன்றுமே வேறு யாரோ வாங்கி, படித்தோ படிக்காமலோ கைவிட்டவை. முதலாவது, 1973இல் நியூயார்க்கில் வெளிவந்த காகித அட்டைப் பதிப்பு. முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தபோது திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையொன்றில், போட்டித் தேர்வு வழிகாட்டிகளுக்கு அடியிலிருந்து உருவி எடுத்தேன். நூலின் பெயரைத் தமிழில் 'ஓர் அடிமைப் பெண்ணின் வாழ்வில் நடந்தவை' எனலாம். அட்டையில் ஆசிரியர் பெயர் லிண்டா பிரெண்ட். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். எஜமானின் பாலியல் தொல்லையிலிருந்து தப்பிக்கும் பெண்ணொருத்தி, தன் பாட்டி வீட்டுக் கூரைக்கடியில் ஒன்பதடி நீளமும் ஏழடி அகலமும், உயரம் மிகுந்த இடத்தில் மூன்றடியும் உள்ள இடுக்கில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஒளிந்திருக்கிறாள். கீழே தன் பிள்ளைகள் பேசுவது கேட்கிறது. அவர்களைத் தொட முடியாது. அந்த அத்தியாயத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறது: "நாவலா? நம்பும்படி இல்லை."

அந்தக் கையெழுத்து என்னுடையது.

இரண்டாம் பிரதி சில ஆண்டுகள் கழித்து என்னிடம் வந்தது. 1987இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் வெளியிட்ட பதிப்பு. அமெரிக்கக் கல்லூரி நூலகம் ஒன்றிலிருந்து கழிக்கப்பட்டு, 'நீக்கப்பட்டது' என்ற முத்திரையோடு, இணையவழிப் பழைய புத்தக வணிகர் ஒருவர் மூலமாக வந்தது. உள்ளே இருப்பது அதே கதை, அதே வாக்கியங்கள். அட்டையில் மட்டும் வேறு பெயர்: ஹாரியட் ஏ. ஜேக்கப்ஸ். பதிப்பாசிரியர் ஜீன் ஃபேகன் யெல்லின், நூலில் வரும் ஒவ்வொருவரையும் ஆவணங்களில் தேடி அடையாளம் கண்டிருந்தார். ஊர், வட கரோலினாவின் ஈடன்டன். 'டாக்டர் ஃபிளின்ட்' என்னும் எஜமான், ஜேம்ஸ் நார்காம் என்ற மருத்துவர். அவளுடைய இரு பிள்ளைகளின் தந்தையான 'சாண்ட்ஸ்', பின்னாளில் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினரான சாமுவேல் டிரெட்வெல் சாயர். பாட்டியின் பெயர் மோலி ஹார்னிப்லோ. ஜேக்கப்ஸ் தன் தோழி ஏமி போஸ்ட்டுக்கு எழுதிய கடிதங்கள் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்தன. நூலை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவருக்கு இருந்த தயக்கமும் பிடிவாதமும் அவற்றில் தெரிந்தன. நான் நாவல் என்று நினைத்தது ஒரு பெண்ணின் வாக்குமூலம்.

இந்தக் கட்டுரை என் பென்சில் குறிப்பிலிருந்து தொடங்குகிறது. ஆறுதலுக்குச் சொல்லலாம், அந்த நம்பிக்கையின்மை எனக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. அடிமைகளின் வாழ்வைப் பற்றிய முக்கியமான ஆய்வுகளில் ஒன்றான 'அடிமைச் சமூகம்' நூலை 1972இல் வெளியிட்ட வரலாற்றாசிரியர் ஜான் பிளாசிங்கேம், ஜேக்கப்ஸின் நூலை நம்பத்தகாதது என்று ஒதுக்கினார். அதில் ஒழுங்கு அதிகம், மிகையுணர்ச்சி அதிகம், பிரிந்தவர்கள் அதிசயமாய் மறுபடி சந்திக்கிறார்கள் என்பவை அவருடைய காரணங்கள். யெல்லினே தொடக்கத்தில் அதைப் பொய்யான அடிமை வரலாறு என்று தள்ளியவர்தான். பெண்ணியக் கண்ணோடு மறுபடி படித்தபோதுதான் அவருக்கு ஐயம் தன் மீதே திரும்பியது. 1981இல் அவர் எழுதிய கட்டுரை, நூல் அச்சாகி 120 ஆண்டுகளுக்குப் பிறகு அதன் தலைப்புப் பக்கத்தில் இருந்த ஒரு சிறு தொடரை உண்மையென்று நிறுவியது: 'தானே எழுதியது'.

*

தமிழ்த் திறனாய்வில் 'பிரதி' என்ற சொல்லைக் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளாக ஒரு தனிப்பொருளில் பயன்படுத்துகிறோம். பிரதியை வாசித்தல், பிரதியின் மௌனம், பிரதிக்குள் இயங்கும் அதிகாரம். ஆனால் பழைய புத்தகக் கடைக்காரருக்குப் பிரதி என்றால் கையில் இருக்கும் ஒரு படி. அட்டை கிழிந்ததா, முகப்புப் படம் இருக்கிறதா, முதற்பதிப்பா, நூலக முத்திரை விழுந்ததா என்பதே அவர் பார்ப்பது. நாம் அந்தப் பார்வையை வணிகம் என்று ஒதுக்கிவிட்டோம். அடிமைப்படுத்தப்பட்ட பெண்களின் எழுத்தைப் பொறுத்தவரை, கடைக்காரரின் பிரதியைப் பார்க்காமல் திறனாய்வாளரின் பிரதியைப் படிக்க முடியாது என்பதே நான் இங்கே சொல்ல வருவது. அந்தப் பெண்களை நம்பலாமா என்ற வழக்கு கதைக்குள் நடக்கவில்லை. தலைப்புப் பக்கத்திலும் முன்னுரையிலும் பின்னிணைப்பிலும் நடந்தது. பதிப்புக்குப் பதிப்பு அந்தப் பக்கங்கள் மாறியிருக்கின்றன. பாடத்திட்டத்துக்காகக் கதையை மட்டும் வெட்டி எடுத்துத் தரும் தொகுப்புகளில் அந்த வழக்கின் தடயமே இருப்பதில்லை.

ஜேக்கப்ஸின் 1861 முதற்பதிப்பை நான் தொட்டதில்லை. தலைப்புப் பக்கத்தைப் படமாகப் பார்த்திருக்கிறேன். அதில் ஆசிரியர் பெயர் இல்லை. நூற்பெயர், தானே எழுதியது என்ற தொடர், பதிப்பித்தவர் லிடியா மரியா சைல்ட் என்ற குறிப்பு, பாஸ்டன், ஆசிரியருக்காக வெளியிடப்பட்டது, ஆண்டு. பெயருள்ள ஒரே பெண் பதிப்பாசிரியர். அவர் வெள்ளையர், புகழ்பெற்ற எழுத்தாளர். உள்ளே ஆசிரியரின் முன்னுரை லிண்டா பிரெண்ட் என்ற மறைபெயரில் இருக்கிறது. அடுத்துச் சைல்டின் அறிமுகம்: இவளை எனக்குத் தெரியும், நான் செய்தது சிறு திருத்தமும் வரிசைமாற்றமுமே என்று உறுதி சொல்கிறது. நூலின் முடிவில் ஏமி போஸ்ட்டின் சான்று. அதற்கும் பிறகு, ஈடன்டனில் அவரை அறிந்திருந்த ஜார்ஜ் லௌதர் என்ற கறுப்பின ஆணின் சான்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு நூல்களைப் புரட்டியவர்களுக்கு இந்த அமைப்பு புதிதாகத் தோன்றாது. நூலுக்கு முன்னால் பக்கம் பக்கமாகச் சாற்றுக்கவிகள் இருக்கும். வித்துவான்கள் ஆசிரியரின் புலமையைப் புகழ்ந்திருப்பார்கள். ஆனால் சாற்றுக்கவி புலமைக்குச் சான்று. ஜேக்கப்ஸுக்குத் தரப்பட்ட சான்றுகளில் புலமை பற்றிய பேச்சு இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. இப்படியொருத்தி இருக்கிறாள், நல்லொழுக்கமுள்ளவள், பொய் சொல்லமாட்டாள் என்பதுதான் அங்கே முதன்மை. ஒருவர் எழுதியதற்குச் சான்று கேட்பதற்கும் ஒருவர் எழுத முடியும் என்பதற்கே சான்று கேட்பதற்கும் நடுவில் உள்ள தூரம், அடிமைமுறையின் தூரம்.

அந்தச் சான்றுகளுக்கு அவர் கொடுத்த விலை வேறு. 1853இல் ஜேக்கப்ஸ் முதலில் அணுகியது 'டாம் மாமாவின் குடிசை' எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவை. தன் கதையை எழுத உதவுவார் என்று எதிர்பார்த்தார். ஸ்டோவோ அந்த விவரங்களைத் தன்னுடைய அடுத்த நூலுக்குச் சான்றாகச் சேர்த்துக்கொள்ள விரும்பினார். அதோடு நிற்கவில்லை, ஜேக்கப்ஸின் அந்தரங்க வாழ்வைப் பற்றிய கடிதத்தை, அவர் குழந்தை பார்க்கும் வேலை செய்துகொண்டிருந்த வீட்டு எஜமானி கார்னீலியா வில்லிஸுக்கே அனுப்பி, இது உண்மையா என்று கேட்டார். திருமணமாகாமல் தான் பிள்ளை பெற்ற கதையை எஜமானியிடம் ஜேக்கப்ஸ் அதுவரை சொல்லியிருக்கவில்லை. உண்மையைச் சரிபார்ப்பது என்ற பெயரில் ஒரு பெண்ணின் இரகசியம் அவளைக் கேட்காமல் இன்னொரு பெண்ணிடம் போனது. அதன்பின் ஜேக்கப்ஸ் தானே எழுதுவது என்று முடிவுசெய்தார். பகலெல்லாம் அந்த வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துவிட்டு இரவில் எழுதினார், ஆண்டுகள் பிடித்தன. ஒரு பதிப்பகம் ஸ்டோவோ, எஜமானின் எழுத்தாளர் கணவரான வில்லிஸோ முன்னுரை தந்தால் வெளியிடுகிறோம் என்றது. ஸ்டோ மறுத்தார், வில்லிஸிடம் கேட்க ஜேக்கப்ஸ் மறுத்தார். அடுத்த பதிப்பகம் சைல்டின் முன்னுரையைக் கேட்டது. அது கிடைத்தபின் பதிப்பகமே நொடித்துப்போனது. ஜேக்கப்ஸ் அச்சுத் தகடுகளைத் தானே விலைகொடுத்து வாங்கிப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். 'ஆசிரியருக்காக வெளியிடப்பட்டது' என்ற வரிக்கு இவ்வளவு நீண்ட கதை இருக்கிறது.

சைல்டின் கைபட்ட இடங்களும் உண்டு. கொடுமைகளை ஒரே அத்தியாயத்தில் திரட்டிவிடச் சொன்னார். தாங்க மாட்டாதவர்கள் அதைத் தாண்டிப் போகலாமே என்பது எண்ணம். ஆயுதமேந்திய எழுச்சிக்கு முயன்று தூக்கிலிடப்பட்ட ஜான் பிரௌனைப் பற்றிய கடைசி அத்தியாயத்தை நீக்கிவிட்டுப் பாட்டியின் மரணத்தோடு முடிக்கச் சொன்னார். நூல் இன்று பாட்டியின் நினைவோடுதான் முடிகிறது. அது அழகான முடிவு என்று வகுப்பில் நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒரு கறுப்பினப் பெண் தன் நூலை அரசியலோடு முடிக்க விரும்பினாள் என்பது தெரிந்தபின், அந்த அழகைப் பற்றிப் பேசும்போது எனக்குக் குரல் தயங்குகிறது.

1987 பதிப்பில் ஓர் ஆவணத்தின் படம் இருக்கிறது. 1835இல் நார்காம் செய்தித்தாளில் கொடுத்த விளம்பரம். தப்பியோடிய ஹாரியட்டைப் பிடித்துத் தருபவருக்கு 100 டாலர் பரிசு. அவருடைய நிறம், உடல்வாகு, உடை எல்லாவற்றையும் அது வருணிக்கிறது. தன் நூல் வருவதற்கு 26 ஆண்டுகளுக்கு முன்பே ஹாரியட் என்ற பெயர் அச்சாகிவிட்டது, எஜமானின் கையால். அவரே எழுதிய நூலில் அந்தப் பெயர் வர முடியவில்லை. இரண்டு அச்சுத் தாள்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் மறைபெயர் என்பது இலக்கிய உத்தி அல்ல, உயிர்காப்பு என்பது விளங்குகிறது.

*

ஜேக்கப்ஸாவது தானே எழுதினார். அவருக்கு 30 ஆண்டுகளுக்கு முன் லண்டனில் வெளிவந்த மேரி பிரின்ஸின் வரலாற்றின் தலைப்புப் பக்கத்தில் இருப்பது வேறொரு தொடர்: 'தானே சொன்னது'. பெர்முடாவில் பிறந்து, பல கைகள் மாறி விற்கப்பட்டு, டர்க்ஸ் தீவின் உப்பளங்களில் கால்கள் புண்ணாக நின்று உழைத்து, ஆன்டிகுவாவில் ஜான் வுட் என்பவரின் உடைமையாகி, 1828இல் அந்தக் குடும்பத்தோடு லண்டன் வந்தவர் அவர். லண்டனில் வீட்டைவிட்டு வெளியேறினார். அங்கே அவர் சுதந்திரப் பெண். ஆன்டிகுவாவுக்குத் திரும்பினால் மறுபடி அடிமை. அங்கே அவருக்குக் கணவர் இருந்தார். அடிமை ஒழிப்புச் சங்கத்தின் செயலாளர் தாமஸ் பிரிங்கிள் வீட்டில் வேலைக்குச் சேர்ந்த அவர் தன் கதையைச் சொல்ல, பின்னாளில் சுசன்னா மூடி என்ற பெயரில் கனடாவின் எழுத்தாளராக அறியப்பட்ட சுசன்னா ஸ்டிரிக்லண்ட் எழுதிக்கொண்டார். பிரிங்கிள் சீர்செய்து 1831இல் வெளியிட்டார். அதே ஆண்டில் மூன்று பதிப்புகள் வந்தன.

மூன்று பதிப்புகளும் ஒன்றுதானே என்று கேட்கலாம். ஒன்றல்ல. மூன்றாம் பதிப்பில் ஒரு கடிதம் சேர்ந்திருக்கிறது. பர்மிங்ஹாம் மகளிர் அடிமை ஒழிப்புச் சங்கத்தார், மேரியின் உடலில் கசையடித் தழும்புகள் உண்மையாகவே இருக்கின்றனவா என்று விசாரித்திருந்தார்கள். அதற்குத் திருமதி பிரிங்கிள் எழுதிய பதில் அது. தானும் மற்றப் பெண்களும் மேரியின் முதுகைப் பார்த்ததாகவும், பழைய காயங்களின் வடுக்கள் நிறைந்திருப்பதாகவும் அதில் உறுதி கூறுகிறார். மேரி தன் வாயால் சொன்ன அடிகள் முதற்பதிப்பிலேயே இருக்கின்றன. சொன்னது போதவில்லை. உடையைக் களைந்து முதுகைக் காட்ட வேண்டியிருந்தது, அதைக் கண்டவர் கடிதம் எழுத வேண்டியிருந்தது, அந்தக் கடிதம் அச்சேற வேண்டியிருந்தது. கேட்டவர்கள் அடிமைமுறையை ஆதரித்தவர்கள் அல்லர். அவளுடைய தோழமையினர், பெண்கள். பெண்ணுக்குப் பெண் சான்று என்பதைப் பெண்ணியம் எப்போதும் பெருமையோடு சொல்லும். மூன்றாம் பதிப்பின் பின்னிணைப்பைப் படித்த பிறகு அந்தப் பெருமையை நிபந்தனையில்லாமல் சொல்ல என்னால் முடியவில்லை.

சேர்த்தது இது. நீக்கியது இன்னொன்று. நூலையொட்டி 1833இல் லண்டனில் இரண்டு அவதூறு வழக்குகள் நடந்தன. மேரியையும் பிரிங்கிளையும் இழித்து எழுதிய இதழின் வெளியீட்டாளர் மீது பிரிங்கிள் தொடுத்தது ஒன்று. பிரிங்கிள் மீது ஜான் வுட் தொடுத்தது மற்றொன்று. முதல் வழக்கில் பிரிங்கிள் வென்றார், இரண்டாவதில் தோற்றார். இரண்டிலும் மேரி சாட்சி சொன்னார். வுட் தொடுத்த வழக்கில், திருமணத்துக்கு முன் கப்பல் தலைவன் ஒருவனோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்ததைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னார். இதையெல்லாம் கதையை எழுதிக்கொண்ட ஸ்டிரிக்லண்டிடம் சொன்னதாகவும் சொன்னார். அச்சான நூலில் அது இல்லை. உப்பளப் புண்ணும் கசையடியும் இங்கிலாந்து வாசகருக்கு ஏற்புடையவை. ஓர் அடிமைப் பெண் தன் விருப்பத்தோடும் கணக்கோடும் ஓர் ஆணைத் தேர்ந்துகொண்டது ஏற்புடையதல்ல. துன்பப்படும் உடல் அச்சேறியது, விரும்பும் உடல் வெட்டுப்பட்டது. எந்த மொழியிலும் பெண்ணின் தன்வரலாற்றைப் பதிப்பிக்கும் கைகள் இந்த வெட்டை அறியும்.

இந்த நீதிமன்றச் செய்தியை நான் படித்தது பெங்குவின் நிறுவனம் 2000இல் வெளியிட்ட சிறு காகித அட்டைப் பதிப்பில். சாரா சாலி பதிப்பித்தது. என்னுடைய பிரதி யாரோ மாணவர் வைத்திருந்தது. மேரியின் வரலாறு முழுக்க மஞ்சள் கோடுகள். வழக்குச் செய்தி இருக்கும் பின்னிணைப்பில் ஒரு கோடுகூட இல்லை. அந்தத் தாள்கள் புரட்டப்படாத புதுமையோடு இருக்கின்றன. தேர்வுக்கு அது வராது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

*

முகப்புப் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய நூல் வணிகத்தில் முகப்புப் படம் கிழிந்துபோன பிரதிக்கு மதிப்புக் குறைவு. 1860இல் லண்டனில் வந்த கிராஃப்ட் தம்பதியின் நூலில் அந்தப் படம் இல்லாவிட்டால் இழப்பு விலையோடு நிற்பதில்லை. ஜார்ஜியாவின் மேக்கனிலிருந்து 1848இல் எலன் கிராஃப்ட் வெள்ளையின இளைஞராக வேடமிட்டும், அவர் கணவர் வில்லியம் அந்த இளைஞரின் அடிமையாக நடித்தும் தப்பினார்கள். எலனுக்கு அப்போது எழுதப் படிக்கத் தெரியாது. விடுதிகளில் கையெழுத்துக் கேட்டால் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக வலக்கையைத் தூளியில் கட்டியிருந்தார். மீசை தாடி இல்லாத முகத்தை மறைக்க முகத்தில் கட்டு. நூல் முழுக்க 'நான்' என்று பேசுபவர் வில்லியம். எலனுக்கு அதில் குரல் இல்லை; இருப்பது முகப்பில் அவருடைய படம், ஆண் உடையில், முகக் கட்டு இல்லாமல். கதைசொல்ல ஆண், பார்க்கப்படப் பெண். ஆனாலும் அந்தப் படத்தில் அவர் நேராகப் பார்க்கிறார். எழுதத் தெரியாத கையைத் துணிச்சலால் மறைத்த பெண்ணின் பார்வை அது. படத்தை வெட்டிச் சட்டமிட்டு விற்றவர்கள் நூலிலிருந்து எலனையே வெட்டியவர்கள்.

சோஜர்னர் ட்ரூத்தின் நூலும் அவர் எழுதியதல்ல. எழுதப் படிக்கத் தெரியாத அவர் சொல்ல, ஆலிவ் கில்பர்ட் 'அவள்' என்று படர்க்கையில் எழுதிய நூல் 1850இல் பாஸ்டனில் வந்தது. ஆனால் கூட்டம் கூட்டமாகப் போய் அதைக் கையில் எடுத்து விற்றவர் சோஜர்னரே. விலை 25 சென்ட். பின்னாளில் தன் நிழற்படங்களையும் அப்படியே விற்றுப் பிழைத்தார். எழுத்தில் கிடைக்காத 'நான்' அவருக்கு விற்பனையில் கிடைத்தது என்று எனக்குத் தோன்றும். ஆண்களின் நூல்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஒலாடா எக்வியானோ 1789இல் தன் படத்தோடும் பெயரோடும், முன்பணம் தந்தவர்களின் பட்டியலோடும் நூலை வெளியிட்டார். அவர் வாழ்நாளிலேயே ஒன்பது பதிப்புகள். ஃபிரடெரிக் டக்ளஸின் 1845 நூல் ஐந்தே ஆண்டுகளில் ஏறக்குறைய 30,000 பிரதிகள் விற்றது. அவர்களையும் சந்தேகித்தார்கள், டக்ளஸுக்கு வெள்ளையர் முன்னுரையும் தேவைப்பட்டது. ஆனால் அவர்களிடம் யாரும் கற்பைக் கேட்கவில்லை.

*

இந்தப் புத்தகங்கள் நமக்கு எப்படிக் கிடைத்தன? சேகரித்தவர்களால். சேகரிப்பாளர் என்றதும் செல்வந்தரும் கண்ணாடி அலமாரியும் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருபவர் டோரதி போர்ட்டர். 1930 முதல் 43 ஆண்டுகள் வாஷிங்டனின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மக்களின் நூல் தொகுப்பை வளர்த்த நூலகர். வாங்கப் பணம் போதாது; பதிப்பாளர்களிடமும் வணிகர்களிடமும் இரந்து கேட்டார். இறந்தவர்களின் வீட்டுப் பரண்களிலும் நிலவறைகளிலும் தேடினார். அக்காலத்தில் பிற நூலகங்கள் டூயி பகுப்பு முறையில், கறுப்பின எழுத்தாளர் எதை எழுதினாலும் இரண்டு எண்களுக்குள் அடைத்துவந்தன: குடியேற்றத்துக்கு 325, அடிமைமுறைக்கு 326. கவிதை எழுதினாலும் அங்கேதான். போர்ட்டர் அதை மறுத்து, கவிதையைக் கவிதையிலும் வரலாற்றை வரலாற்றிலும் வைத்தார். ஒரு நூலகர் பட்டியல் அட்டையில் செய்த இந்தத் திருத்தத்தை நான் முதல்தரமான இலக்கியத் திறனாய்வு என்று கருதுகிறேன்.

1948இல் நியூயார்க் வணிகர் ஒருவரிடமிருந்து போர்ட்டர் 85 டாலருக்கு ஒரு கையெழுத்துப் படியை வாங்கினார். ஹன்னா கிராஃப்ட்ஸ் என்ற பெயரில், தப்பி வந்த அடிமைப் பெண் ஒருத்தி புனைவாக எழுதியதுபோல் இருந்தது. அதை எழுதியவர் கறுப்பினத்தவரே என்று போர்ட்டர் உள்ளிருந்தே கண்டறிந்தார். அதில் கறுப்பின மாந்தர்கள் முதலில் மனிதர்களாக அறிமுகமாகிறார்கள். அவர்களுடைய நிறம் பிறகுதான் தெரியவருகிறது. வெள்ளை எழுத்தாளர் அப்படி எழுதமாட்டார் என்பது அவர் கணிப்பு. அவர் மறைவுக்குப் பின் அந்தப் படி 2001இல் ஏலத்துக்கு வந்தது; ஹென்றி லூயிஸ் கேட்ஸ் 8,500 டாலருக்கு வாங்கி அடுத்த ஆண்டு வெளியிட்டார். போர்ட்டருக்கு அவர் நன்றியோடு இடம் தந்திருக்கிறார். ஆனாலும் 'கண்டுபிடிப்பு' என்ற சொல் கேட்ஸோடுதான் ஒட்டிக்கொண்டது. 2013இல் ஆய்வாளர் கிரெக் ஹெசிமோவிச், அந்தப் பெண் வட கரோலினாவின் வீலர் குடும்பத்திடமிருந்து தப்பிய ஹன்னா பாண்ட் என்று அடையாளம் கண்டார். போர்ட்டர் ஒரு வாசகியாக நம்பியதை உலகம் ஒத்துக்கொள்ள அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

மாரியன் வில்சன் ஸ்டார்லிங் என்ற இன்னொரு பெண்ணையும் இங்கே நினைக்க வேண்டும். அடிமைகளின் வரலாறுகள் பற்றி நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 1946இல் ஆய்வேடு அளித்தவர். நீதிமன்றப் பதிவுகள், இதழ்கள், சிறு வெளியீடுகள், நூல்கள் எனத் தேடி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வரலாறுகளைப் பட்டியலிட்டவர். அந்த ஆய்வேடு நூலானது 1981இல். இடையில் 35 ஆண்டுகள். 1960களின் இறுதியில் கறுப்பின ஆய்வுத் துறைகள் தொடங்கப்பட்டபோது மறுபதிப்புகள் அடுக்கடுக்காக வந்தன. கல்லூரி நூலகங்கள் வாங்கிக் குவித்தன. அப்படி வாங்கப்பட்டவைதான் இன்று கழிக்கப்பட்டு என்னைப் போன்றவர்களின் கைக்கு வருகின்றன. என்னுடைய ஒரு பிரதியில் இரவல் தேதித் தாள் இன்னும் ஒட்டியிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு மூன்றே மூன்று முத்திரைகள். நூலகத்தில் இடம்பிடிக்கப் போராடிய புத்தகம் இடப்பற்றாக்குறை காரணமாக வெளியேறுகிறது. இணையத்தில் மின்படிகள் கிடைக்கின்றனவே என்பார்கள். கிடைக்கின்றன; முதற்பதிப்பின் பக்கங்களைக் காட்டும் அந்தத் தொகுப்புகளுக்கு நானும் கடன்பட்டவள். ஆனால் யாருமே இரவல் வாங்காத ஆண்டுகளை மின்படி காட்டுவதில்லை.

*

இந்தச் சேகரிப்பில் எனக்கொரு சங்கடமும் உண்டு. விலைக்கு விற்கப்பட்ட மனிதர்களின் கதையை விலைபேசி வாங்குவது. முதற்பதிப்பு, அரிய பிரதி, நல்ல நிலை என்று வணிகர் எழுதும் பட்டியல் மொழியைப் படிக்கும்போது, வயது, உடல்நிலை, திறமை என்று எழுதிய வேறொரு பட்டியல் மொழி மனதில் ஓடும். முதற்பதிப்புகள் என் சம்பளத்துக்கு எட்டாதவை என்பதால் நான் இந்தச் சங்கடத்திலிருந்து தப்பிவிட்டதாகச் சொல்ல முடியாது. கிழிந்த காகித அட்டைப் பிரதிக்கும் நான் பேரம் பேசித்தான் வாங்கினேன்.

ஜேக்கப்ஸ் இதை எதிர்பார்த்திருந்தார். 1852இல் கார்னீலியா வில்லிஸ் 300 டாலர் கொடுத்து அவரை நார்காமின் வாரிசுகளிடமிருந்து வாங்கி விடுவித்தார். நன்மைதான். ஆனால் விடுதலைக்கு ஒரு விற்பனைச் சீட்டு தேவைப்பட்டது ஜேக்கப்ஸை வதைத்தது. தன் உரிமையையே தனக்குப் பணம் கொடுத்து வாங்குவதா என்று கொதித்தார். நூலின் முடிவை ஒட்டி அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்லும்போது, நியூயார்க்கில் பெண்கள் விற்பனைப் பொருளாக இருந்ததை வருங்காலத் தலைமுறைகள் அதிலிருந்து அறிந்துகொள்ளும் என்கிறார். நாகரிகம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அளக்க நினைக்கும் பழம்பொருள் ஆராய்ச்சியாளர்களுக்கு அது பயன்படலாம் என்றும் கசப்போடு சேர்த்துக்கொள்கிறார்.

அந்த இடத்தில் அவர் பேசுவது நம்மோடு. பழைய தாள்களைத் தேடுகிறவர்கள் வருவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தாளின் அருமையைவிட அது எதற்குச் சாட்சி என்பதைப் பாருங்கள் என்று நமக்கு வேலையும் தந்துவிட்டுப் போயிருக்கிறார்.

வகுப்பில் இந்த நூலைப் பற்றிப் பேசும் நாளில் மூன்று பிரதிகளையும் எடுத்துப்போகிறேன். கதையைச் சொல்வதற்கு முன் அட்டைகளைச் சுற்றுக்கு விடுகிறேன். ஒன்றில் ஒரு பெயர், மற்றவற்றில் வேறு பெயர் இருப்பது ஏன் என்று யாராவது கேட்கும்வரை காத்திருக்கிறேன். 1973 பிரதி கைமாறும்போது என் பென்சில் குறிப்பு இருக்கும் பக்கத்தை யாராவது கண்டுபிடித்து, "இது யார் எழுதினது மேடம்?" என்று கேட்பார்கள்.

நான்தான் எழுதினேன் என்று சொல்வேன். அழிப்பான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அந்த வரியை நான் அழிக்கப்போவதில்லை. அந்த நூலை நம்ப மறுத்தவர்களின் பட்டியலில் என் பெயரும் இருந்தது என்பதற்கு அது ஒன்றே சான்று.